வெள்ளைத்துரைக்கு வந்த கடிதம்

“விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. பிள்ளை பிறக்க வாய்ப்பில்லை” என்று கணக்குப்பிள்ளை மொக்கைச்சாமி உரக்க வாசித்து முடித்தபோது, பட்டாசுக் கம்பெனியே திரும்பிப் பார்த்தது.

1962-இல் சிவகாசியில் அந்தக் கம்பெனியின் வழக்கம் அப்படி. எழுத்துத் தெரியாதவர்களுக்கு வரும் கடிதங்களை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கணக்குப்பிள்ளைதான் வாசித்துச் சொல்வார். உறையின் மேல், வெடிமருந்து கலக்கும் வெள்ளைத்துரையின் பெயர் இருந்தது. ஏதோ நல்ல சேதி என்று மனுஷன் தொண்டையைத் திறந்துவிட்டார்.

“நான் எந்த டாக்டருகிட்டயும் போகலையே!” என்று வெள்ளைத்துரை பதறினான். யார் நம்புவார்கள்? பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

லோடு ஏற்றிக்கொண்டு சாத்தூருக்குப் போயிருந்த முதலாளி சண்முகவேல், சாயங்காலம் வந்து இதைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கடிதம் அவருடையது.

அவருக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். பிள்ளையில்லாத பழியை மனைவி ஞானசுந்தரியின் தலையில் கட்டிவிட்டு, அவருடைய அம்மா இரண்டாவது பெண் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் உண்மை தெரியட்டும் என்று திருட்டுத்தனமாக மதுரை டாக்டரிடம் போனவருக்கு, அங்கே சொந்தப் பெயரைச் சொல்லக் கூச்சம். அப்பாவின் கொட்டகையில் கூடவே வளர்ந்த வெள்ளைத்துரையின் பெயர்தான் வாயில் வந்தது. கம்பெனி விலாசத்துக்கு வரும் தபால் எப்படியும் தன் மேசைக்குத்தானே வரும் என்று ஓர் அசட்டுத் துணிச்சல்.

“சின்ன வயசுல ரசாயனம் எதுலயாவது புழங்குனீங்களா?” என்று டாக்டர் கேட்டிருந்தார்.

“நடக்கப் பழகுனதே எங்க அப்பாவோட மத்தாப்புக் கொட்டகையிலதான். அங்கன வேலை பாத்தவுக பிள்ளைகளோட, வெள்ளித் தூளை மூஞ்சியில அப்பிக்கிட்டு ராஜா மந்திரி வெளையாடுவோம்.”

“குறை இருந்தா, அதனாலயும் இருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியாது. சோதனை முடிவு தபால்ல வரும்.”

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெள்ளைத்துரை தப்பித்திருப்பான். சண்முகவேல் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். ஐந்தாம் நாள் ஆமத்தூர்ப் பெண் வீட்டிலிருந்து, நிச்சயத்துக்குக் கொடுத்த பரிசப் புடவை திரும்பி வந்துவிட்டது. மூன்று தங்கைகளைக் கரையேற்றிவிட்டு, முப்பது வயதில் வெள்ளைத்துரைக்கு அமைந்த பெண் மாரித்தாய், அவளும் போனாள்.

அன்று சண்முகவேலுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். எட்டு வருஷமாகப் பேச்சு வாங்கியவள், தனக்காக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

“மொதல்ல வெள்ளைத்துரை அண்ணன்கிட்டப் போயிச் சொல்லுங்க. அம்புட்டுப் பேரு முன்னால அவமானப்பட்டு நிக்காக” என்றாள்.

இரண்டு நாள் வெள்ளைத்துரை வேலைக்கு வரவில்லை. ஊரில் முகம் காட்டக் கூசிக்கொண்டு எங்கோ கிடக்கிறான் என்று நினைத்தார் சண்முகவேல். சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் நின்றபோது தன் முகத்தையே அவருக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் வந்தான். மத்தியானம் எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறக்கும் நேரத்துக்குச் சண்முகவேல் நடுவில் போய் நின்றார்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. அன்னைக்கி வாசிச்ச கடுதாசி எனக்கு வந்தது. கொறை என்கிட்டத்தான். வெக்கப்பட்டுக்கிட்டு இவன் பேரைக் குடுத்துட்டேன்.”

சிரித்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மொக்கைச்சாமிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சண்முகவேல் போய் வெள்ளைத்துரையின் கையைப் பிடித்துக்கொண்டார். “கெளம்புலே, ஆமத்தூருக்குப் போவோம். உன்கிட்ட ஒரு கொறையும் இல்லைன்னு பொண்ணு வீட்டுல நானே சொல்லுதேன். கால்ல விழணும்னாலும் விழுதேன்.”

வெள்ளைத்துரை நகரவில்லை. கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்தான். பிறகு அவருக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னான்:

“வேண்டாம் மொதலாளி. அந்தக் கடுதாசி பொய்யின்னு காட்டுறதுக்குத்தான் நானும் மதுரைக்குப் போயிச் சோதிச்சேன். எனக்கும் அதேதான் சொல்லிட்டாக.”