பத்தொன்பது மாதங்கள்

"பத்தொம்பது மாசத்துக்குப் பணம் கட்டணும், பென்ஷன் பாதிரியாரே" என்றபடி வால்புர்கா என் எதிரில் உட்கார்ந்தார்.

ஊரில் எனக்கு அந்தப் பெயர். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, கோயிலை ஒட்டிய அறையில் உட்கார்ந்து ஓய்வூதிய விண்ணப்பங்களை எழுதிக் கொடுப்பேன். கூலி கிடையாது. வருகிறவர்கள் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதுபோல வாழ்க்கையை முதலிலிருந்து சொல்வார்கள். அதனால் வந்த பெயர். மற்றபடி நான் ரயில்வேயில் ஓய்வுபெற்றவன்.

வால்புர்காவிடம் சொல்ல அதிகம் இல்லை. முப்பத்தேழு வருடம் கணவரின் இறைச்சிக் கடையில் நின்றவர். வீட்டு ஆளுக்கு எதற்கு ஓய்வூதியக் காப்பீடு என்று கணவர் ஒரு மாதம்கூட அவர் பெயரில் கட்டவில்லை. இப்போது கணவரும் இல்லை, கடையும் இல்லை.

கணக்கில் அறுபது மாதம் இருந்தால் சாகும்வரை அரசு ஓய்வூதியம் வரும். ஐம்பத்தொன்பது என்றால் ஒன்றும் கிடையாது. குறைகிற மாதங்களுக்கு நாமாகப் பணம் கட்டி நிரப்பலாம். அதற்காக இறைச்சி சீவும் இயந்திரத்தை விற்றுவிட்டு வந்திருந்தார்.

"பெரிசா வேண்டாம். என் பேர் போட்டு மாசாமாசம் எனக்குன்னு கொஞ்சம் வரணும். இதுவரைக்கும் என் பேருக்கு வந்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகைதான்."

நான் தாள்களைப் பார்த்தேன். பிள்ளை வளர்த்த காலத்தை அரசே கணக்கில் சேர்க்கும். எழுபதுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த வருடத்திலிருந்து தலைக்கு முப்பது மாதம். மேசைமேல் இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள் இருந்தன. லியோன்ஹார்ட், 1975. குவிரின், டிசம்பர் 1978.

முப்பதும் முப்பதும் அறுபது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நல்ல கூட்டல்.

"அவசரப்பட்டு மெஷினை வித்துட்டீங்களே. நீங்க ஒரு யூரோகூடக் கட்ட வேண்டாம்."

"பத்தொம்பது" என்றார் மறுபடி. "தராசுகிட்டயே நின்னவ நான். எனக்குக் கூட்டத் தெரியும்."

"முப்பதும் முப்பதும் எத்தனைங்க?"

"முப்பதும் பதினொண்ணும்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் செபத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.

நான் இந்த ஊருக்கு வந்து எட்டு வருடம்தான் ஆகிறது. லியோன்ஹார்டைத் தெரியும், பால் லாரி ஓட்டுகிறான்.

"சின்னவர் எங்க இருக்கார்? வெளியூரா?" என்று கேட்டுக்கொண்டே பேனாவைத் திறந்தேன்.

வால்புர்கா கைப்பையிலிருந்து செபப் புத்தகத்தை எடுத்தார். அதற்குள்ளிருந்து, அடக்கப் பூசையில் கொடுக்கிற நினைவு அட்டை ஒன்றை எடுத்து வைத்தார். மூலைகள் தேய்ந்து வட்டமாகியிருந்தன. கம்பளித் தொப்பி போட்ட ஒரு குழந்தை. நவம்பர் 1979.

"காலையில தொட்டில்ல போய்ப் பார்த்தேன்" என்றார்.

பிறந்ததற்கு அடுத்த மாதம் தொடங்கும் அந்தக் கணக்கு, பிள்ளை இறந்த மாதத்தோடு நின்றுவிடும். சட்டம் அப்படி.

விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. பிள்ளை இறந்திருந்தால் தேதி. என் பேனா அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது. நாற்பது வருடம் ரயில்வேயில் ஒரு பொய்கூட எழுதாத கை இது.

"இதைக் காலியா விட்டுடலாம்" என்றேன் மெதுவாக. "பிறப்புச் சான்றிதழ் போதும். யாரும் கேக்க மாட்டாங்க. கடவுளும் கோவிச்சுக்க மாட்டார்."

அவர் அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்டா, அவன் என்கிட்ட முப்பது மாசம் இருந்தான்னு ஆயிடும். இல்லையா?"

"ஆமாம்."

"இல்லையே. பதினொண்ணுதான் இருந்தான். அந்தப் பதினொண்ணும் நான் நல்லாப் பார்த்துக்கிட்டேன். அதுல கைவைக்காதீங்க."

தேதியை எழுதினேன்.

அடுத்த கேள்வி, எந்தெந்த மாதங்களுக்குப் பணம் கட்டுவது என்பது. காலியாகக் கிடக்கிற எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். அவருக்கு வாழ்நாளில் பெரும்பகுதி காலிதான். மற்றவர்களுக்கு நானே ஏதாவது எழுதிவிடுவேன், யாரும் கேட்பதில்லை.

"எந்த மாசமா இருந்தாலும் ஒரே விலையா?"

"ஒரே விலைதாங்க."

அட்டையைப் புத்தகத்துக்குள் வைத்து மூடினார்.

"எழுபத்தொம்பது டிசம்பர்லேருந்து எழுதுங்க."

குவிரினுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டிய மாதம்.

இதிலிருந்து இதுவரை என்று ஒரே வரியில் எழுதினால் போதும். நான் அப்படி எழுதவில்லை. இன்னொரு தாளை எடுத்து, ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனி வரியாக, நல்ல கையெழுத்தில் எழுதினேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

டிசம்பர். ஜனவரி. பிப்ரவரி.

மார்ச் என்று எழுதும்போது, "இப்போ நடந்திருப்பான்" என்றார்.

வெளியே செபத்துக்குக் கோயில் மணி அடித்தது. நான் நிறுத்தவில்லை, அவரும் எழுந்திருக்கவில்லை. 1981 ஜூன் வரை எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பினேன்.

ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து எண்ணினார். கடைசி வரியில் விரல் கொஞ்சநேரம் நின்றது.

"சரியா இருக்கு" என்றார். "ரெண்டு பிள்ளைக்கும் சமமா வந்துடுச்சு."