உயரமான தலை

ரித்தீஷையும் அவன் மனைவியையும் காரில் உட்காரவைத்து, பின்னால் ரோல் பார் வைக்க அளவெடுத்தார் வெல்டர் செங்கோடன். கூரையில்லாத, இரண்டு இருக்கைப் பந்தயக் கார். கவிழ்ந்தால், தலைகள் படுவதற்கு முன்பே அந்தக் குழாய் வளைவு தரையில் மோதியாக வேண்டும்.

“அம்மிணி உங்களைவிட ஒசரமுங்க. அவிய தலைக்கு மேலதான் வளைக்கோணும்.”

ரித்தீஷின் முகம் இறுகியது. “ஓட்டறது நானு. என்ற அளவுக்கு வைங்க.”

“கவுந்துதுன்னா…”

“வைங்கன்னா வைங்க.”

மனைவி சிரித்தாள். “கல்யாணப் போட்டோவுலயே முட்டிய மடக்கித்தானுங்ணா நின்னேன்.” அப்படியே இருக்கையில் கீழே சறுக்கினாள். “இப்பச் சரியா இருக்குதுங்களா?”

ரித்தீஷ் சொன்ன உயரத்தில் செங்கோடன் அடிமட்டத்தைக் கிடையாகப் பிடித்தார். அவளுடைய வகிட்டுக் குங்குமம் அதற்கு மேலே சிவப்பாகத் தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் ரித்தீஷ் திரும்பிப் பார்த்தான்.

“இன்னுங் கொஞ்சம் எறங்கு.”