திறக்காத கத்தி

“இது வேணாம்க்கா, கைப்பிடி வழுக்குது...”

“வழுக்காததைக் காட்டினா கனமா இருக்குங்கிற. கனமில்லாததைக் காட்டினா...”

“கனமில்லாதது கீழே விழுந்தாக்கூடத் தெரியாதே.”

“உன் கால் மேல விழட்டும்டி, அப்பத் தெரியும்.”

கடைக்காரர் பேச்சுக்கு நடுவே அடுத்த மடக்குக் கத்தியை வைத்தார்.

அக்காள் தங்கை இருவருக்கும் எதிர்ச்சாரியில் உள்ள கிடங்கில் பார்சல் கட்டும் வேலை. சாப்பாட்டு மணிக்கு வெளியே வந்தவர்கள் சாப்பிடவில்லை. மறு மணி அடிப்பதற்குள் தங்கைக்கு ஒரு கத்தி வாங்கியாக வேண்டும்.

இத்தனை நாளும் அவளுக்குச் சொந்தக் கத்தி கிடையாது. கயிறு அறுக்க வேண்டுமென்றால் எழுந்து மூலை மேசைக்குப் போவாள். அக்காளின் கத்தி கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். அது மட்டும் அவள் கண்ணில் படாது.

மூலை மேசைக்காரர் காதில் சிவப்புப் பென்சில் செருகியிருப்பார். நீல டேப் சுற்றிய தன் கத்தியை மடக்கி நீட்டுவார். “பாத்து” என்பார். இருவருக்குள்ளும் பேச்சு என்று இருந்தது அவ்வளவுதான்.

ஆனால் இரவல் வாங்கின கத்தியைத் திருப்பித் தர வேண்டுமே.

அந்த அறையில் இரவல் கத்தியை மேசை மேல் வைக்கக் கூடாது. வைத்தால் அதன் மேல் யாராவது சாமானை வைப்பார்கள், பெட்டியை மூடுவார்கள், கத்தி லாரி ஏறிப் போய்விடும். அதனால் உடையவரின் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

தங்கை இந்தச் சட்டத்தை மிகவும் மதித்தாள். ஒரே அறுப்பில் முடிகிற கயிற்றுக்கு இரண்டு நடை நடந்தாள்.

போன வாரம் வேறு யாரோ மறந்து வைத்த கத்தி, ஒரு பொம்மைப் பெட்டிக்குள் போய் யார் வீட்டுக் கூடத்திலோ வெளியே வந்தது. இன்று காலை சூப்பர்வைசர் அறை நடுவில் நின்று சொல்லிவிட்டார். நாளை முதல் ஆளுக்கொரு கத்தி. இல்லாதவர்கள் மாடிக்குப் போய் லேபிள் ஒட்டலாம்.

மாடிக்குப் போனால் மூலை மேசை தெரியாது. கத்தி வாங்கினாலோ மூலை மேசையில் அவளுக்கு வேலையே இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அக்காளோ கத்தியைத் தவிர வேறெதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

முதல் கத்திக்குப் பவிசு எதற்கு என்பது அக்காளின் கட்சி. விலை கையைக் கடிக்கக் கூடாது. விரித்தால் அலகு ஆடாமல் நிற்க வேண்டும். மடக்கும்போது விரலைக் கேட்கக் கூடாது. முக்கியமாக ஒரு கையால் திறக்க வேண்டும், மறு கை பெட்டியைப் பிடித்திருக்கும் அல்லவா. இப்படி எல்லாம் பொருந்திய ஒன்றைத் தேடி எடுத்து, கட்டைவிரலால் தட்டித் திறந்து காட்டினாள்.

“ரொம்பச் சீக்கிரமாத் திறக்குதுக்கா.”

கடைக்காரர் கத்தி விற்கத் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு குறையைக் கேட்டதில்லை.

கடைசியில் தங்கையே அடித்தட்டில் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். கட்டைவிரலால் தள்ளினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். நகம் ஒன்று உடைந்ததுதான் மிச்சம். அவள் முகத்தில் அந்த மத்தியானத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. இது போதும் என்றாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள், நீ கோணல் கூடமாய்த் தேடிப் பிடிக்கிறாயே என்று அக்காள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் சிரித்துவிட்டார்.

“என்னம்மா இன்னிக்கு எல்லாரும் திறக்காத கத்தியாவே தேடுறீங்க? நீங்க வர்றதுக்குச் சித்த முன்னாடிதான் உங்க கிடங்கு ஆளு ஒருத்தர் இதோட ஜோடியைக் கேட்டு வாங்கிட்டுப் போனார். நல்ல கத்தி ஒண்ணைப் பதிலுக்கு என் தலையில கட்டிட்டு.”

கல்லாவுக்குக் கீழே துழாவி அதை எடுத்து வைத்தார். பழசுதான், ஆனால் அருமையாகத் தீட்டியது, வேண்டுமானால் பாதி விலைக்கே தருவதாகச் சொன்னார்.

கைப்பிடியில் நீல டேப் சுற்றியிருந்தது.

தங்கை அதை எடுத்தாள். எங்கே அழுத்த வேண்டும் என்று அவள் கட்டைவிரலுக்குத் தெரிந்திருந்தது. அலகு சத்தமில்லாமல் திறந்து நின்றது. மடக்கினாள். திறக்காத கத்தியைக் கடைக்காரர் பக்கம் மெதுவாகத் தள்ளிவிட்டாள்.

இது வழுக்குகிறது என்று சொல்லவில்லை. கனம் என்றோ கனமில்லை என்றோ சொல்லவில்லை. சீக்கிரமாகத் திறப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

காசை அக்காள் எடுத்துக் கொடுத்தாள்.

தெருவைக் கடக்கையில் மறு மணி அடித்தது. கிடங்கு வாசலில் காதில் சிவப்புப் பென்சிலோடு ஒருவர் கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து, கையிலிருந்த புதுக் கத்தியை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். அது திறக்கவில்லை. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை.

அக்காள் தங்கையின் மூடிய கையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். நடையை நிறுத்தாமலே கேட்டாள்.

“நாளைக்கு அவர் இரவல் வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தர வரும்போது, உள்ளங்கையை நீட்டுவியா, இல்ல மேசை மேல வைக்கச் சொல்லுவியாடி?”