இளகும் வரை

நின்றுபோன ஜீப்பின் பில்டரைக் கழற்றியதும் அவனுக்குப் புரிந்துபோயிற்று.

உள்ளே எண்ணெய் வெண்ணெய் போலத் திரண்டிருந்தது.

கொல்லிமலைப் பாதையில் பாதி தூரம் ஏறியிருந்தார்கள். விடிந்தும் விடியாத பொழுது. மார்கழிப் பனி முன்னாலிருந்த வளைவை விழுங்கியிருந்தது.

மேலே, ஊரில், அம்மா கிடந்தாள். கண்ணைத் திறக்கும்போதெல்லாம் பிள்ளைகள் இருவரையும் கேட்கிறாளாம். வெரசாக வாருங்கள் என்று மாமா போனில் சொல்லியிருந்தார்.

அடிவாரத்தில் பங்க் இருந்தது. டீசல் போட்டிருக்கலாம்.

அவன் போடவில்லை.

இலுப்பைக் கொட்டை பொறுக்கி மூட்டை மூட்டையாக அனுப்பியவள் அம்மாதான். அதைச் செக்கில் ஆட்டி, எண்ணெயில் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கி, அடியில் தங்கும் கசடை வடித்துவிட்டால், மேலே சீமெண்ணெய் போல ஒன்று தெளிந்து நிற்கும். அதில்தான் ஜீப் ஓடியது. கோயில் விளக்கு எண்ணெயில் வண்டி ஓட்டுகிறான், பின்னாலேயே சாமியும் ஏறிக்கொள்ளும் என்று அவனுடைய பட்டறைக்கு வருகிறவர்கள் கேலி பேசினார்கள்.

அம்மா கேலி பேசவில்லை. நான் பொறுக்கின கொட்டையில் ஓடுகிற வண்டி ஒரு தரம் என் வாசலில் வந்து நிற்கட்டும் என்றாள்.

வெறும் இலுப்பெண்ணெய் குளிரில் உறையும். அது அவனுக்குத் தெரியும். பக்குவம் செய்தது உறையாது என்று இருந்துவிட்டான். கீழே, பட்டறை வெயிலில், அது ஒருநாளும் உறைந்ததில்லை.

தங்கை சிந்தாமணி இறங்கி வந்தாள்.

அவன் கையிலிருந்த பில்டரை வாங்கினாள். சேலைத் தலைப்பில் சுற்றினாள். பச்சைக் குழந்தையை அணைப்பதுபோல் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள்.

அவன் தள்ளிப்போய்ச் சருகைக் கூட்டி நெருப்பு மூட்டினான். தகரத்தில் தண்ணீர் சுடவைத்தான். துணியை நனைத்து நனைத்து எண்ணெய்க் குழாயில் சுற்றினான். ஈரச் சருகு. புகைதான் அதிகம் வந்தது.

"இளகுதுண்ணா. கையில தெரியுது."

அவன் தலையாட்டினான்.

போன் அடித்தது.

மாமா.

அவன் ஜீப்பின் மறுபக்கம் போனான். மாமாவால் பேச முடியவில்லை. அவருக்குப் பின்னால் பெண்களின் குரல்கள் எழுந்து எழுந்து அடங்கின.

"சரிங்க மாமா" என்றான்.

துணி ஆறிப்போயிருந்தது. அதை மறுபடி நனைத்தான். குழாயில் சுற்றினான். இறுகியிருந்த போல்ட்டையே இன்னொரு முறை இறுக்கினான்.

சிந்தாமணி எழுந்து வந்தாள். பில்டரை நீட்டினாள். உள்ளே எண்ணெய் மஞ்சளாகத் தெளிந்திருந்தது. அவளுடைய விரல்கள் வெளுத்திருந்தன.

மாட்டினான். பம்பை அமுக்கி, குழாயில் புகுந்திருந்த காற்றை எடுத்தான்.

சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது.

அவள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடிவாரத்திலிருந்தே அழுத்திப் போ, அழுத்திப் போ என்று விரட்டிக்கொண்டு வந்தவள்.

கண்ணாடியில் படிந்திருந்த பனியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மெதுவாவே போண்ணா."