அலை இல்லாத இடம்

திரையில் வீடியோத் துண்டின் ஓரத்தைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தாள்.

வெட்டியது எங்கும் போய்விடவில்லை. இழுக்க இழுக்கத் திரும்பி வந்தது.

எடிட்டிங்கில் அதுதான் சௌகரியம். வெட்டினாலும் சாகாது, மடித்து உள்ளே வைத்த மாதிரிதான். அந்தச் சௌகரியத்தை நம்பித்தான் எல்லோரும் கை கூசாமல் வெட்டுகிறார்கள். அவளும் வெட்டினாள்.

திரையில் மேலே படம். சத்துணவுக் கூடத்து வாசலில் பஞ்சவர்ணம் நிற்கிறாள். பல்லி விழுந்த சாம்பாரைப் பிள்ளைகளுக்கு ஊற்றிய சமையல்காரி. படத்துக்குக் கீழே பச்சை நிறத்தில் குரலின் அலை.

கேள்விக்கு ஒரு மேடு. பதிலுக்கு ஒரு மேடு. நடுவில் ஈர்க்குச்சி கிடப்பது போல ஒரு கோடு.

அந்தக் கோட்டைத்தான் போன வாரம் வெட்டியிருந்தாள்.

அவள் வேலை பார்க்கும் செய்திச் சேனலில் அதுதான் வழக்கம். யாரும் முழுதாகக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அலை எழும்பினால் வைத்துக்கொள், படுத்தால் வெட்டு. கண்ணால் கண்டதும் பொய் என்பார்கள். இவள் காதால் கேட்க வேண்டியதையே கண்ணால் பார்த்து முடித்தவள்.

வெட்டியதும் கேள்வியும் பதிலும் ஒட்டிக்கொண்டன.

“பாக்காமயா பிள்ளைகளுக்கு ஊத்துனீங்க?”

“பாக்கலம்மா.”

நடுவில் மூச்சு விடக்கூட நேரமில்லை. கடைக்குப் போனாயா என்று கேட்டதற்குப் போகலை என்று சொன்ன மாதிரி இருந்தது.

அன்றைக்கு அதைப் பார்த்து அவளுக்கே பெருமையாக இருந்தது. கத்தி மாதிரி இருக்கு என்றார் சேனலை நடத்தும் ரெங்கராஜ். டீ வாங்கிக் கொடுத்தார்.

ஊர் பார்த்தது. நாக்கூசாமல் சொல்கிறாளே என்றது. அதைவிடக் கேவலமாகவும் எழுதியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பிள்ளைகள் எல்லோரும் ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார்கள். பஞ்சவர்ணத்தைத்தான் யாரும் விடவில்லை. வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நாளைக்கு விசாரணை. வேலை நிலைக்குமா போகுமா என்பது அதில்தான் தெரியும். விசாரிக்கப்போகிற அதிகாரியும் வீடியோவைப் பார்த்துவிட்டாராம்.

“மிச்சம் கிடக்குறத வச்சு இன்னொண்ணு போட்டுரும்மா, சூடு ஆறுறதுக்குள்ள” என்று சொல்லிவிட்டு ரெங்கராஜ் மதியச் சாப்பாடு வாங்கப் போயிருந்தார்.

மிச்சம் தேடித்தான் ஓரத்தை இழுத்தாள்.

கோடு நீண்டது. படத்தில் பஞ்சவர்ணம் தலை குனிந்தாள். முந்தானை வாயருகே போனது.

உதடு அசைந்தது.

அன்றைக்கு எதிரில் நின்று பார்த்தவள்தான். கேமராவைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டதும் அவளேதான். பஞ்சவர்ணம் அழப்போகிறாள் என்று நினைத்து, முகத்தைக் கிட்டத்தில் இழுப்பதிலேயே குறியாக இருந்துவிட்டாள்.

கோட்டைப் பெரிதாக்கினாள்.

ஈர்க்குச்சி இல்லை அது. குருணை சிந்திய மாதிரி, நெடுகச் சின்னச் சின்ன மேடுகள்.

ஹெட்ஃபோனை மாட்டினாள். சத்தத்தைக் கூட்டினாள். காற்று இரைந்தது. எங்கோ காக்கை கத்தியது. அதற்கெல்லாம் அடியில் ஒரு குரல்.

“எம் மகளும் அந்தச் சோத்தத்தான தின்னா. நாந்தான ஊட்டிவிட்டேன்.”

மறுபடி கேட்டாள்.

அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. பஞ்சவர்ணம் பார்க்காமல் ஊற்றியவள். இவள் பார்த்துப் பார்த்து வெட்டியவள்.

பதிலுக்குப் பின்னாலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் இழுத்தாள். பஞ்சவர்ணம் நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் போட்டுருவீங்கல்ல தாயி?”

அடுத்ததாக ஓர் அலை எழுந்தது. அந்த வீடியோவிலேயே உயரமானது. சத்தம் அளவு மீறியதில் நுனி சிவந்துகூட இருந்தது. கேமராவில் இருந்த மைக்குக்குப் பக்கத்திலேயே நின்றவளின் குரல்.

“போட்டுருவோம்மா. நீங்க கவலைப்படாதீங்க.”

அவளுடைய குரல்தான். சொன்ன நினைவே இல்லை. போகிற இடத்தில் எல்லாம் சொல்வதுதான், எதையென்று ஞாபகம் வைத்துக்கொள்வது.

அந்த ஓர் அலையை மட்டும் வெட்டக் கை போனது. பழகிய கை. இழுத்துக்கொண்டாள்.

சின்னக் குரல் பேசும் இடத்தில் சத்தத்தை ஏற்றினாள். வேறெதையும் தொடவில்லை. கேள்வியிலிருந்து அந்தக் கவலைப்படாதீங்க வரை அப்படியே எடுத்துச் சேனலில் ஏற்றக் கொடுத்தாள். அது ஏறிக்கொண்டிருக்கும்போதே மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

ரெங்கராஜ் உள்ளே வந்தார். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

“என்னம்மா, அந்தம்மா சும்மாவே நிக்குது. வெட்டலயா?”

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

அவருடைய இரண்டு கையிலும் சாம்பார்ப் பொட்டலங்கள். வைக்க இடம் தேடினார்.