மூலையில் தேங்கும் தண்ணீர்

“தண்ணி ஓடலையே மாப்ள. மூலையில நிக்குது பாரு, குளம் மாதிரி.”

“ஒரு கரண்டி தண்ணிகூட இல்ல மாமா. துணியப் போட்டுத் துடைச்சா போச்சு.”

“வீடு வாங்குறவன் குளிக்கிறப்பல்லாம் நீ போய்த் துடைச்சு விடுவியா?”

மைத்துனன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். அவன் அக்காள் புருஷன் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரையும் தரையில் ஊற்றிவிட்டு, கன்னம் தரையில் படும்படி குனிந்து பார்த்தார். புதிதாக ஒட்டிய வெள்ளை டைல்ஸ் மேல் தண்ணீர் சமர்த்தாக வடிகால் துளையைத் தேடிப் போனது. ஜன்னல் பக்கத்து மூலைக்கு வந்தது மட்டும், எழுந்து போக மனமில்லாத விருந்தாளி போல அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

“வாட்டம் சரியில்ல. அந்த மூலையைப் பேத்துட்டு மறுபடி போடணும்.”

“மாமா, நேத்து வந்த வாத்தியார் என்ன சொன்னாரு? பாத்ரூம் இவ்வளவு போதும், அட்வான்ஸ் இப்பவே தர்றேன்னாரு. வாங்கிட்டுக் கிளம்பியிருந்தா இந்நேரம் எங்கேயோ இருந்திருப்போம்.”

“வேலை முடியாம எப்படிப்பா விக்கிறது? மனசாட்சின்னு ஒண்ணு வேணாம்?”

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து மைத்துனன் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏனென்றால் வீடு அவர்களுடையதே அல்ல.

சொந்தக்காரர் எப்போதோ கடல் கடந்து பிள்ளைகளிடம் போய்விட்டார். வீடு பூட்டியே கிடந்தது. அப்படிப்பட்ட வீடாகப் பார்த்துப் பூட்டை மாற்றி, போலிப் பத்திரத்தைக் காட்டி, அட்வான்ஸ் கைக்கு வந்ததும் காணாமல் போவதுதான் அக்காள் புருஷனின் பிழைப்பு. மைத்துனன் கூடமாட இருந்து தலையாட்டுவான்.

இந்த வீடுதான் மக்கர் பண்ணியது. வந்தவர்கள் கூடத்தைப் பார்த்துத் தலையசைத்தார்கள். மாடியைப் பார்த்துப் பூரித்துப் போனார்கள். குளியலறைக் கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். சுவரெல்லாம் பாசி. குழாயைத் திறந்தால் முதலில் துரு வரும், பிறகு இருமல் வரும், தண்ணீர் அதற்கும் பிறகுதான்.

“ஆள் வெச்சா அவன் வெளிய போய் உளறுவான். நாமளே செஞ்சிடலாம்,” என்றார் அக்காள் புருஷன்.

செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். முதல் வரிசை டைல்ஸ் குடிகாரன் நடையில் வந்தது. அதைப் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டி, அது கோடு போட்டதுபோல் நேராக நின்றபோது அவருக்குள் என்னவோ ஆகிவிட்டது. சாப்பிடும்போதும் தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு அதன் குமிழ் நடுவில் வந்து நிற்பதை நிலாவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தூக்கத்தில் “இடைவெளி... இடைவெளி...” என்று முனகினார். விளம்பரத்துக்கு அவர் எடுத்த படங்களில் ஒன்றில்தான் வீடு தெரிந்தது. மற்றதெல்லாம் குளியலறை.

“மாமா, நாம திருட வந்திருக்கோம்,” என்று மைத்துனன் ஒருநாள் மெதுவாக ஞாபகப்படுத்தினான்.

“அதுக்காக அசிங்கமா செய்யணுமா?”

மூலையைப் பெயர்த்துப் போட்டுக் காயவிடுவதற்குள் வாத்தியார் வேறு வீடு வாங்கிவிட்டார். மைத்துனன் ஜன்னலோரம் நின்று, தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் வியர்த்துக்கொண்டிருந்தான். ஒருவழியாக ஒரு அம்மாள் வந்தாள். விளம்பரத்தில் படம் பார்த்தாளாம். காதோரம் நரை, கையில் குடை, யாரிடமாவது ஏமாறுவதற்கென்றே செய்து வைத்ததுபோல ஒரு முகம். மைத்துனனுக்கு உயிர் திரும்பி வந்தது.

“யாரு வீடு தம்பி இது?”

“எங்கம்மா வீடும்மா.” அக்காள் புருஷன் பழகிய சோகத்துடன் குரலைத் தாழ்த்தினார். “போன வருஷம் போய்ச் சேந்துட்டாங்க.”

“அடப்பாவமே. ரொம்பக் கஷ்டப்பட்டாங்களோ?”

“இல்லம்மா. தூக்கத்துலயே. கடைசிவரைக்கும் நான்தான் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டேன்.”

“உங்கள மாதிரி பிள்ளை கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்,” என்றாள் அந்த அம்மாள், குடையைக் கை மாற்றிக்கொண்டு.

குளியலறைக்குள் போனாள். சுவரை விரலால் தட்டிப் பார்த்தாள். குழாயைத் திறந்துவிட்டுத் தரையையே கவனித்தாள். தண்ணீர் எந்த மூலையிலும் நிற்காமல் ஓடி மறைந்தது. அக்காள் புருஷன் அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

“எந்த மேஸ்திரி செஞ்சது?”

மைத்துனன் அவர் காலை மிதித்தான். பலனில்லை.

“நாங்களே செஞ்சோம்மா. எல்லாமே எங்க கை வேலைதான்.”

“நீங்களேவா?” அந்த அம்மாள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்தாள். அட்வான்ஸ்தான் வருகிறது என்று மைத்துனன் மனதுக்குள் பஸ் ஏறி, ஜன்னல் சீட்டும் பிடித்துவிட்டான். பையிலிருந்து வந்தது செல்போன்.

“தூக்கத்துலயே போய்ச் சேந்த உங்கம்மா நான்தான் தம்பி,” என்றாள் அவள், குடையைப் புதுக் குழாயில் மாட்டியபடி. “இந்த பாத்ரூம் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா நானே என்னிக்கோ வித்துட்டுப் போயிருப்பேன், பாக்க வந்தவங்க அத்தனை பேரும் ஓடிட்டாங்க. போலீஸுக்கு இன்னும் சொல்லல, அதுக்கு முன்னாடி அந்தச் சமையல்கட்டையும் இதே மாதிரி செஞ்சு குடுத்துடுறீங்களா?”