முப்பத்தொரு முறை செத்தவர்

“ஊரையே காட்டிக்கொடுத்த துரோகி. உனக்குக் கஞ்சி ஒரு கேடா?”

முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு மண்டபத்தில், காலையிலேயே ரயீசா என்ற மூதாட்டி ரஷ்ய மொழியில் கத்தினார். மூன்று மாதமாகத் தினமும் கேட்பதால் எனக்கும் அது மனப்பாடம்.

திட்டு வாங்கிய கெனாடிக்கு எண்பத்தாறு வயது. சோவியத் காலத்துச் சினிமா நடிகர். நெஞ்சில் கைவைத்து ரயீசாவுக்குத் தலைவணங்கிவிட்டு உட்கார்ந்தார்.

“இது சரியில்லை கஜனி,” என்றேன், கூட வேலை செய்யும் பெண்ணிடம்.

“ஏதோ படத்தில இவர் ஒரு ஊரை எதிரியளுக்குக் காட்டிக்குடுத்தவராம் அண்ணை. மனுசி அதை உண்மையெண்டு நினைச்சுக்கொண்டு நிக்குது.”

பாதர்ஸ்ட் வீதியில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில் நான் ஒரு மாடிக்கு மேற்பார்வையாளன். வயதான மனிதர் ஒருவர் அவமானப்படுவதை மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டு நின்றேனே என்று என்னையே நொந்துகொண்டேன். ரயீசாவை வேறு மாடிக்கு மாற்றச் சொல்லி அன்றே புகார்ப் படிவம் நிரப்பினேன். கெனாடியின் கையெழுத்துத்தான் பாக்கி.

படிவத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

“அவளை மாற்றாதே இரத்தினவேல். நான் முப்பத்தொரு படத்தில் வில்லன். இருபத்தெட்டில் என்னைச் சுட்டுக் கொன்றார்கள்.”

“மிச்சம் மூன்றில்?”

“தூக்கில் போட்டார்கள்.”

அவரே சிரித்தார். பிறகு சொன்னார்: “அவள் சொல்லித் திட்டுகிற அந்தப் படத்தின் கதாநாயகன் பெயர்கூட இங்கே ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஐம்பத்தைந்து வருடம் கழித்தும் என்னை ஒருத்தி வெறுக்கிறாள். எந்த நடிகனுக்கு இது கிடைக்கும்?”

அப்போதுதான் கவனித்தேன். போன குளிர்காலம் முழுக்க அறையை விட்டு வெளியே வராமல், தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பிய மனிதர், இப்போது காலையிலேயே முகம் மழித்து, டை கட்டி நிற்கிறார்.

ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. இவர் சந்தோசப்படுகிறார் என்பதற்காக இன்னொருவரை ஒரு பொய்யை நம்ப விடலாமா? நேரே ரயீசாவின் அறைக்குப் போனேன்.

“அம்மா, கெனாடி யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அது வெறும் நடிப்பு.”

“கதவைச் சாத்து,” என்றார் ரயீசா.

சாத்தினேன்.

“முப்பது வருடம் பல் வைத்தியம் பார்த்தவள் நான். நடிப்பு எது, உண்மை எது என்று எனக்குத் தெரியாதா? அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை.”

“பிறகு ஏன் திட்டுகிறீர்கள்?”

“இங்கே வந்த புதிதில் ஒவ்வொரு மேசையாகப் போய் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னான். ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு சாப்பிட வருவதையே நிறுத்திவிட்டான். அவன் சொன்ன கதையை வைத்துத்தான் திட்டுகிறேன்.”

கொஞ்சம் யோசித்தார்.

“ஒரே சிக்கல், என்னிடம் இருந்த வசவெல்லாம் தீர்ந்துவிட்டது. உங்கள் மொழியில் நல்லதாக ஏதாவது இருக்கிறதா?”

என் கையிலிருந்த புகார்ப் படிவத்தின் பின்பக்கத்தில், நான் சொல்லச் சொல்ல, ரஷ்ய எழுத்தில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை மண்டபமே அதிர்ந்தது.

“நாசமறுப்பான்.”

கஜனியின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. கெனாடி டையைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தார்.

“இது என்ன மொழி?”

“தமிழ். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.”

அவர் கண்கள் விரிந்தன. “அப்படியென்றால் நீயும் அந்தப் படம் பார்த்திருக்கிறாயா?”

“பார்க்காமல்?” என்றேன். “எங்கள் ஊரில் நூறு நாள் ஓடிய படம்.”